பந்தேற்றும் பொறி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



திருமுறைகளைப் பற்றியும் சைவ இளைஞரின் கடமைகளைப் பற்றியும் பேசவல்ல அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசும்படி எம்மை அழைத்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணினோம். செயலாளரைக் கேட்டபோது, "நவராத்திரிக்கு நீங்கள் வைத்த அந்தப் பந்துப் பெட்டி என்ன, எப்படி ஓடுகிறது என்று கேளாதவரில்லை, எனக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, இனி நீங்களே சொல்லுங்கள்" என்றார். ஆகவே இது பிரசங்கமன்று, பதில் மாத்திரமே.

"நாம்" என்று சொல்லும்போது வெள்ளவத்தையைச் சேர்ந்த ஐவரைக் கருதுகின்றோம். அந்தப் பொறியில் நாம் செய்தது பாதி. மறுபாதியைச் செய்தவர்கள் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் நால்வர். அவர்களும் இங்கே இருக்கின்றார்கள். மேடைக்கு வர மறுத்துவிட்டார்கள். நாம் ஏதேனும் கூட்டியோ குறைத்தோ சொன்னால் அவர்கள் பின்வரிசையிலிருந்து இருமுவதாக ஏற்பாடு.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. தொடர்மாடியிலே லிப்ட் ஓடாது. தண்ணீர் மேலே ஏறாது. நான்காம் மாடிக்கு வாளியிலே தண்ணீர் சுமந்தோம். அந்த நாட்களில் ஒருநாள், ரொறன்ரோவிலிருந்து ஒரு மாமி பல வருஷங்களுக்கு முன் அனுப்பிய பெட்டியொன்றை அலுமாரியின் மேலிருந்து இறக்கினோம். அவருடைய பிள்ளைகள் விளையாடி முடித்த லெகோக் கற்கள் அதனுள்ளே இருந்தன. பற்சில்லுகள், அச்சுகள், துளையிட்ட சட்டங்கள், பற்றரியால் ஓடும் ஒரு மோட்டர் ஆகியனவும் இருந்தன. தண்ணீர் ஏற்றிக் களைத்த கைகள் சும்மா இருக்கவில்லை. எதையாவது மேலே ஏற்றும் யந்திரம் ஒன்று செய்வோம் என்று தொடங்கினோம். தண்ணீரை ஏற்றச் சத்தி போதாது, ஆகவே பந்து.

லெகோவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். டென்மார்க் தேசத்திலே பில்லுண்ட் என்னும் சிற்றூரில், ஓலே கேர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் 1932இல் மரவிளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். பிற்காலத்தில் அவருடைய தொழிற்சாலை பிளாஸ்ரிக் கற்களைச் செய்தது. மேலே குமிழும் கீழே குழலுமாக, ஒன்றோடொன்று இறுகப் பற்றி, வேண்டும்போது கழன்று வருகின்ற இன்றைய கல்லுக்கு 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமை கோரப்பட்டது. அன்று வகுத்த அளவு இன்றுவரை மாறவில்லை. ஒரு குமிழின் நடுவிலிருந்து மறு குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீற்றர்; ஒரு கல்லின் உயரம் 9.6 மில்லிமீற்றர். அச்சில் நேரக்கூடிய பிழை ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு அளவுக்குள் அடங்கும் என்பர். எட்டுக் குமிழுள்ள கல் ஆறை எடுத்துக் கொண்டால் அவற்றைத் தொண்ணூற்றொரு கோடிக்கு மேற்பட்ட விதங்களிற் பொருத்தலாம் என்று கணித நூலார் எண்ணிச் சொல்லியிருக்கின்றனர். எம் வீட்டில் ஆறு கல்லைத் தேடுவதே பெரும்பாடு. சோபாவின் கீழ் மூன்று கிடந்தன.

இந்தக் கற்களைக் கொண்டு பந்தேற்றும் பொறி செய்வது நாம் கண்டுபிடித்த சங்கதியன்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அமெரிக்காவில் ஸ்ரீவ் ஹாசன்பிளக் முதலிய சிலர் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். அந்த விதிதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி; ஆகையால் சற்றுக் கவனிக்கவேண்டுகின்றோம்.

ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே ஒரு பொறி செய்வார். அதன் தொடக்கத்தில் ஒரு கூடை இருக்கும். கூடையின் வெளியளவு பத்துக் குமிழுக்குப் பத்துக் குமிழ், அதாவது 8 சென்ரிமீற்றர்ச் சதுரம். உள்ளளவு எட்டுக்கு எட்டு. உயரம் பத்துக் கல். அந்தக் கூடையில் விழும் பந்தைப் பொறி எடுத்து, அடுத்தவருடைய கூடையிலே போடவேண்டும். சராசரி ஒரு செக்கனுக்கு ஒரு பந்து வந்தாலும் தாங்கவேண்டும். ஒன்றொன்றாகவும் கொடுக்கலாம், மொத்தமாகவும் கொட்டலாம், கொட்டுவதாயின் ஒருமுறைக்கு 30 பந்துக்கு மேல் ஆகாது. இவ்வளவே விதி. இடையிலே பந்து படியேறுகிறதா, சங்கிலியிலே தொங்குகிறதா, திருகிலே சுற்றிச் செல்கிறதா, எறியப்பட்டுப் பறக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார். ஒருவரையொருவர் முன்பின் கண்டிராதவர்கள் ஒரு மண்டபத்துக்குத் தத்தம் பொறியோடு வந்து, வரிசையாக வைத்து, பந்தை ஓடவிடுவார்கள். ஜப்பானிலே அக்கியுக்கி என்னும் பெயரால் அறியப்படுபவர் தாம் ஒருவராகவே 17 பொறிகளை இணைத்து 2012இல் ஒரு படம் வெளியிட்டார். அதைப் பார்த்தபின் மூன்று நாள் எமக்கு வேறொன்றிலும் மனம் செல்லவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விதியைப் பற்றி விளக்கமே வேண்டியிருக்கவில்லை. "இது கொள்கலப் பெட்டி மாதிரி" என்றார்கள். உண்மைதான். 1956இல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவாக்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். 1968இல் பெட்டியின் அளவு சர்வதேச விதியாயிற்று. உள்ளே தேயிலையோ சிமெந்தோ, பாரந்தூக்கிக்குக் கவலையில்லை. மூலைகளின் அளவு சரியாயிருந்தாற் போதும். நாம் அரை மணி நேரம் படம் கீறி விளக்க எண்ணியிருந்ததை அவர்கள் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்கள். எமக்குச் சிறிது ஏமாற்றமாகவும் இருந்தது.

இனி எம்முடைய பொறியைச் சொல்லுவோம். அது படியேற்றம். இதிலே படிகள் இருவகை: அசையாத படி ஒன்று, அதன் பின் அசையும் படி ஒன்று, மீண்டும் அசையாத படி, மீண்டும் அசையும் படி. அசையும் படிகளெல்லாம் ஒரே சட்டத்திலே பூட்டப்பட்டவை. மோட்டர் சுழற்றும் சில்லின் ஓரத்தில் ஊன்றிய ஆணி அந்தச் சட்டத்தை மேலும் கீழும் ஆட்டும். ஒவ்வொரு படியும் முன்பக்கம் சற்றே சரிந்திருக்கும். அசையும் படி கீழே வரும்போது பந்து அதன்மேல் உருண்டு ஏறிக்கொள்ளும். அது மேலே போனதும் பந்து அடுத்த அசையாப் படிக்கு உருண்டுவிடும். அங்கே நின்று, அடுத்த அசையும் படி கீழே வரும்வரை காத்திருக்கும். பந்துக்குச் சுயமாக ஏறத் தெரியாது. அதற்குத் தெரிந்தது உருள்வது ஒன்றுதான். ஏறுவது முழுவதும் படியின் வேலை.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் நாம் கண்ணாடிப் போளையைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு குமிழ் அகலமுள்ள பாதை 16 மில்லிமீற்றர். எம் போளைகளும் ஏறக்குறைய அவ்வளவே. இறுகி நின்றுவிட்டது. பாரமும் அதிகம். லெகோக்காரர் செய்யும் சிறு பிளாஸ்ரிக் பந்து பாதையைவிடச் சற்றுச் சிறிது, இலேசானது. இலண்டனிலிருந்து ஒரு சிறிய தந்தையார் வரும்போது நூறு பந்து கொண்டுவந்து தந்தார். மருந்தும் பால்மாவும் கேட்கவேண்டிய காலத்தில் பந்து கேட்டதற்காக வீட்டிலே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

கணக்கு இவ்வாறு போட்டோம். எமது மோட்டர் சுமையின்றி நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்றுச் சுற்றும். 8 பல்லுள்ள சில்லு 40 பல்லுள்ள சில்லைச் சுழற்றினால் வேகம் ஐந்திலொன்றாகும்; அதையே இருமுறை செய்தால் இருபத்தைந்திலொன்று. 400ஐ 25ஆற் பிரிக்க 16. படியின் அகலத்தில் நான்கு பந்து பக்கம் பக்கமாக நிற்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு நான்கு பந்து மேலே போய்ச் சேரும். 16ஐ நான்காற் பெருக்க 64. விதி கேட்பது 60. நாம் நான்கு பந்து மிச்சம் வைத்திருக்கின்றோம் என்று மகிழ்ந்து, கணக்குக் கொப்பியிலே சிவப்பு மையால் அடிக்கோடிட்டோம். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது, சிவப்புக்கோடும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் நடந்தது வேறு. அவர்களிடம் வெளிநாட்டுப் பெட்டி எதுவும் இல்லை. புறக்கோட்டைக் கடைகளிலே கிடைக்கும் மலிவான கற்கள். பல கொம்பனிகளின் கலப்பு. சில இறுகும், சில தளரும், சில பொருந்தவே மாட்டா. உடைந்த விளையாட்டுக் காரொன்றின் மோட்டரைக் கழற்றியெடுத்தார்கள். அது நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுச் சுற்றுவது. அதன் வேகத்தைக் குறைக்க எம்மைப்போல் இரு படி போதாது. மூன்று படி வைத்து 125இல் ஒன்றாக்கினார்கள். பொறி சங்கிலியேற்றம்: இரண்டு பற்சில்லுகளின்மேல் ஓடும் சங்கிலி, அதிலே வரிசையாகச் சிறு வாளிகள், வாளிக்கு ஒரு பந்து.

அந்தச் சங்கிலியைக் கண்டபோது எங்களுள் ஒருவருடைய பேரனார் சொன்னதை இங்கே சொல்லாமல் விடமுடியாது. அவர் யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊரொன்றிலே தோட்டஞ் செய்தவர். படியேற்றத்தைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. வாளிச் சங்கிலியைப் பார்த்ததும், "இது சூத்திரமல்லவா!" என்று எழுந்து கிட்ட வந்துவிட்டார். மாடு சுற்றிவர, சங்கிலியிற் கோத்த இரும்பு வாளிகள் கிணற்றிலிருந்து நீரை அள்ளிவந்து வாய்க்காலிற் கொட்டும் சூத்திரக் கிணற்றை எம்மில் எவரும் கண்டதில்லை. துலாவையாவது படத்திற் கண்டிருக்கின்றோம். ஆடுகாலிலே துலாவைப் பூட்டி, அதன்மேல் ஆட்கள் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலிற் கவிழ்ப்பார். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அந்த நடை ஓயாது என்றார். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு யந்திரம் ஊருக்கு வந்தபின் துலாக்கள் ஒவ்வொன்றாக விறகாயின. "துலாவிலே ஒருவன் கால் தவறினால் எல்லாருக்கும் ஆபத்து. மேலே நடப்பவனுக்குக் கீழே பட்டை பிடிப்பவனைத் தெரியாது, ஆனால் அவனுடைய கை எப்போது தயாராகும் என்பது காலுக்குத் தெரியும்" என்றார். அன்று அதை ஒரு பழங்கதையாகவே கேட்டுக்கொண்டோம்.

இப்போது சொல்லக் கூச்சமான பகுதி வருகின்றது. பின்வரிசைக்காரர் இரும ஆயத்தமாகிவிட்டார்கள் என்பதை இங்கிருந்தே காண்கின்றோம்.

நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இரு பகுதியாரும் கூடினோம். வெள்ளவத்தைப் பொறி ஒரு பந்தை ஏற்றிக் கொட்டாஞ்சேனைக் கூடையிற் போடும், அது ஏற்றித் திரும்ப எமது கூடையிற் போடும், ஓயாத சுற்று. இது முதலில் எல்லாருக்கும் பிடித்த திட்டம். ஆனால் அவர்களுடைய கற்களைக் கையிலெடுத்துப் பார்த்த எங்களுள் ஒருவர், "இவை போலிக் கற்கள். இடையிலே ஒன்று கழன்றாலும் எங்கள் பொறியும் நின்றுவிடும். நீங்கள் தனி மேசையில் வையுங்கள், நாங்கள் தனி மேசையில் வைக்கிறோம்" என்றார். மற்ற நால்வரும் மறுக்கவில்லை. ஆகையால் அது ஐவரும் சொன்ன சொல்லே. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஊற்றிவைத்த தேநீரைக் குடியாமல் எழுந்து போனார்கள்.

அன்றிரவு எமது வீட்டிலே ஓர் அம்மையார் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கழுவும்போது, "நாலு கோப்பையும் அப்படியே இருக்கிறது" என்று மாத்திரம் சொன்னார். அதன்பின் நாம் நித்திரை கொண்டது போலத்தான்.

"போலி" என்ற சொல்லைப் பற்றிப் பின்னர் வாசித்து அறிந்தோம். அந்த லெகோக் கல்லே ஆதியில் அவர்கள் தாமாக நினைத்துச் செய்தது அன்று. இங்கிலாந்திலே ஹிலறி பேஜ் என்பவர் கிடிகிராப்ற் என்ற பெயரில் விற்ற பூட்டுக்கல்லின் மாதிரியைப் பார்த்தே 1949இல் டென்மார்க்கில் முதற் பிளாஸ்ரிக் கல் செய்யப்பட்டது. கீழே குழல் வைத்துப் பிடியை இறுக்கியது பின்வந்த திருத்தம். அடிப்படைக் கல்லின் காப்புரிமைக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த வடிவத்தில் எவரும் கல் செய்யலாம். இவை அன்றே தெரிந்திருந்தால் நாம் வாயடங்கியிருப்போமா என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் கழித்து அவர்களிடமிருந்து செய்தி வந்தது. மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "கூடை 8 சென்ரிமீற்றர், செக்கனுக்கு ஒரு பந்து. எங்கள் பொறி விதிப்படி ஓடுகிறது. உங்களுடையது ஓடுமானால் வாருங்கள்." அவ்வளவே. நாம் போனோம். போனபின் அவர்கள் செய்த வேலையைக் கண்டோம். நூற்றுக்கணக்கான கற்களையும் ஒவ்வொன்றாக ஒரு நல்ல கல்லோடு பொருத்திப் பார்த்து, இறுகுவது, நடுத்தரம், தளர்வது என்று மூன்றாகப் பிரித்து, அக்காமாரின் நகப்பூச்சினால் மூன்று நிறப் புள்ளி வைத்திருந்தார்கள். பாரந் தாங்கும் இடத்தில் இறுகுவது, அலங்காரத்துக்குத் தளர்வது, அச்சு சுழலும் இடத்தில் எதை வைத்தாலும் முதலில் 200 முறை கையாற் சுற்றிப் பார்த்தது. நாமோ கல் நல்ல கல் என்ற தைரியத்தில் எதையும் சோதிக்கவில்லை.

நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு மண்டபத்திலே இரு பொறிகளையும் இணைத்து நூறு பந்தையும் விட்டோம். முதல் இரண்டு நிமிடம் ஆனந்தம். மூன்றாம் நிமிடத்தில் அவர்களுடைய கூடையிலே பந்து குறைந்தது. எம்முடைய கூடையிலே கூடியது. ஐந்தாறு நிமிடத்தில் எமது கூடையில் நாற்பது பந்துக்கு மேல் குவிந்தது. அவர்களுடைய சங்கிலி வெறும் வாளிகளோடு சுற்றியது. பின்பு எமது படிகளும் வெறுமையாக ஏறி இறங்கின. கூடை நிறையப் பந்து இருந்தும் ஒன்றாவது வெளியே வரவில்லை. நின்றது போலிக் கல்லின் பொறியன்று, நம்முடையது.

குற்றம் இரண்டு. முதலாவது கணக்கிலே. 400 சுற்று என்பது சுமையில்லாத மோட்டருக்கு. படிகளையும் பந்துகளையும் தூக்கும்போது எமது சில்லு 16 அல்ல, 13 சுற்றுத்தான் சுற்றியது. நான்காற் பெருக்கினால் 52. அவர்கள் நிமிடத்துக்கு 60 அனுப்ப, நாம் 52ஐ ஏற்றினோம். எட்டு எட்டாகக் கூடையிற் சேர்ந்தது. வீட்டிலே சோதித்தபோது கையாலே பந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டோம். கூடை நிரம்பவே இல்லை. எம்முடைய பொறிக்கு ஏற்ற வேகத்தில் எம்முடைய கையே கொடுத்துக்கொண்டிருந்தது. விதியிலே 30 பந்தை ஒருங்கே கொட்டலாம் என்று எழுதியிருப்பது இதற்காகவே. நாம் அதை வாசித்தோம். ஒருநாளும் கொட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது குற்றத்தைக் கண்டவர் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுள் ஒருவர். அவருடைய தகப்பனார் மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கும் மில் வைத்திருக்கிறார். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு பென்சிலால் அதன் பக்கத்தில் மெதுவாகத் தட்டினார். பொலபொலவென்று பந்துகள் இறங்கின. "அரிசியும் இப்படித்தான் மில்லின் வாயிலே நிற்கும். குறைவாக இருந்தால் இறங்கும். நிறையப் போட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வில் வளைவாக நின்றுவிடும். அப்பா ஒரு தடி வைத்திருக்கிறார்" என்றார். கருங்கல்லை வில்லாக அடுக்கி வாசல் கட்டுவோர் வேண்டுமென்று செய்வதை, எமது பந்துகள் வேண்டாத இடத்திலே தாமாகச் செய்திருந்தன. வீட்டிலே இது ஏன் நிகழவில்லை? அங்கே கூடை நிரம்பாதது ஒரு காரணம். பொறியை வைத்திருந்தது கால் ஆடும் ஒரு பழைய மேசை. மோட்டரின் நடுக்கம் கூடையை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது என்பது மற்றது. மண்டபத்து மேசையோ தேக்கு; யானை ஏறினாலும் அசையாது. ஆடும் மேசை எமக்குச் செய்த உபகாரத்தை நாம் எமது திறமை என்று எண்ணியிருந்தோம்.

அன்றிரவு ஒன்பது பேரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று வேலை செய்தோம். ஒரு 40 பற் சில்லை எடுத்து 24 பற் சில்லை வைத்தோம். சில்லு சிறிதாகவே அச்சை ஒரு துளை உள்ளே தள்ளவேண்டும். அதற்காகப் பொறியின் ஒரு பக்கம் முழுவதையும் பிரித்தோம். இருபத்தைந்திலொன்று பதினைந்திலொன்று ஆயிற்று. சுமையோடு எண்ணினோம்: 19 சுற்று, 76 பந்து. கூடையின் அடித்தட்டில் ஒரு துண்டைத் தளர்த்தி, அசையும் படியின் சட்டத்தோடு றப்பர் நாடாவாற் பிணைத்தோம். படி இறங்குந்தோறும் தட்டுச் சிறிது துள்ளும். மில்லுக்காரரின் தடிக்கு இது பதில். அந்தத் துண்டுக்கு வேண்டிய தளர்வான கல் எம்மிடம் இல்லை. எமது கற்கள் யாவும் இறுகுவன. நகப்பூச்சுப் புள்ளி வைத்த கல் ஒன்றை அவர்கள் தந்தார்கள். அது இன்றும் எமது பொறியிலே இருக்கிறது. நடுவிலே தேநீர் வந்தது. ஒன்பது கோப்பையும் வெறுமையாகத் திரும்பின.

சரஸ்வதி பூசையன்று ஏடும் எழுதுகோலும் வைத்த படியின் கீழ்ப் பக்கத்திலே பொறியும் வைக்கப்பட்டது. அதன்மேலும் ஒரு பொட்டு. மூன்று மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை என்று சொன்னால் இருமல் வரும். இரண்டு முறை நின்றது. ஒருமுறை பற்றரி தீர்ந்தது. மறுமுறை ஒரு குழந்தை கூடைக்குள் கடலை போட்டது.

அப்போது மாணவரொருவர் கேட்ட கேள்வியை இங்கே எடுத்துச் சொல்லவேண்டும். "பந்து கீழே உருண்டு வருகிறதே, அந்த வேகத்தால் ஒரு சில்லைச் சுழற்றி, அந்தச் சில்லே பந்தை மேலே ஏற்றினால் பற்றரி வேண்டாமே?" என்றார். மிக நல்ல கேள்வி. பாரத தேசத்துப் பெரியாரும் கேட்ட கேள்வி. பாஸ்கராசாரியார் 1150இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியிலே, ஆரங்களுக்குள் பாதியளவு பாதரசம் நிரப்பிய சில்லொன்றைச் சொல்லி, அது தானாகவே சுழன்றுகொண்டிருக்கும் என்றார். அவருக்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே பிரமகுப்தரும் இத்தகைய சில்லைக் கூறியிருக்கிறார். பின்னர் ஐரோப்பாவில் எத்தனையோ பேர் முயன்று, பொருளையும் ஆயுளையும் செலவிட்டார்கள். 1775இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் இனி இத்தகைய பொறிகளைப் பரிசோதிப்பதில்லை என்று தீர்மானித்தது. பந்து இறங்கும்போது தரும் சத்தி, அதனை ஏற்றுவதற்குச் செலவிட்ட சத்தியைவிட ஒருபோதும் அதிகமாகாது. வழியிலே உராய்வும் சத்தமும் சூடும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எமது பொறி எழுப்பும் கடகடவென்ற ஓசையே பற்றரியிலிருந்து போகும் காசுதான்.

பாஸ்கரருடைய சில்லு சுழலாது என்று சைவ மேடையிலே சொல்வது தகுமோ என்று அன்று ஒரு நண்பர் தயங்கினார். தகும் என்பதே எமது அபிப்பிராயம். லீலாவதியைத் தந்தவருடைய கணிதப் பெருமை ஒரு சில்லினாற் குறையாது. எமது 64 பந்துக் கணக்கும் ஏட்டிலே சரியாகத்தான் இருந்தது.

வந்திருந்த பெரியவரொருவர் வேறொன்று கேட்டார்: "ஏறின பந்து இறங்குகிறது, இறங்கின பந்து ஏறுகிறது, இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?" ஒரு பிரயோசனமும் இல்லை, ஐயா, என்றோம். அவர் அதன்பின்னும் முக்கால் மணி நேரம் கதிரையை இழுத்துப்போட்டு அதன்முன் அமர்ந்திருந்தார். எழும்போது, "அந்த மூன்றாம் படியிலே ஒரு பந்து கொஞ்சம் தயங்குகிறது, பாருங்கள்" என்றார். பார்த்தோம். உண்மைதான், படியின் ஓரத்திலே ஒரு தலைமயிர் சிக்கியிருந்தது.

இனி ஒரு வேண்டுகோள். விழா முடிந்து பந்துகளை எண்ணியபோது 98 இருந்தன. ஒன்றை, உடுப்புத் தோய்க்கையில் மகனின் காற்சட்டைப் பையிலே கண்டதாக ஒரு தாயார் கொண்டுவந்து தந்தார். மற்றது இன்னும் எவர் வீட்டிலோ இருக்கிறது. வரும் நவராத்திரிக்கு மூன்றாவது பொறி ஒன்றும் இந்தச் சுற்றிலே சேரவேண்டுமென்பது எமது ஒன்பது பேரின் ஆசை. பின்மண்டபத்து மேசையிலே கூடையின் அளவைச் சோக்கினாற் கீறி வைத்திருக்கின்றோம்: 8 சென்ரிமீற்றர்ச் சதுரம், உயரம் ஒன்பதரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றே அதிகம். லெகோவே வேண்டுமென்பதில்லை, பலகையோ, தகரமோ, பனையோலையோ, எதனாலும் செய்யலாம். அளந்துகொண்டு போங்கள். ஆனால் கொண்டுவருமுன் 30 பந்தை ஒருங்கே கொட்டிப் பாருங்கள். ஆடாத மேசையிலே வைத்துக் கொட்டுங்கள்.